டல்சா: எண்ணெய் ஊரா, தண்டவாள ஊரா?

பிப்ரவரி 3 (கேள்வி)

ஓக்லஹோமாவின் டல்சாவைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாம் "எண்ணெயும் ரயிலும் வளர்த்த நகரம்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்கள். ரயில் எல்லா அமெரிக்க ஊருக்கும்தான் வந்தது. எண்ணெய் கிடைக்காமல் போயிருந்தால் டல்சா என்ற பெயரை யார் கேட்டிருப்பார்கள்? ரயிலைச் சேர்த்துச் சொல்வது வெறும் அலங்காரம் என்பது என் கட்சி. அங்கே இருப்பவர்கள் மறுக்க முடியுமா?

பிப்ரவரி 3, இரவு

முடியும். ஒன்பது வருடமாக இந்த ஊரில் குடியிருக்கிறேன். எண்ணெய்க் குழாய்வழி நிறுவனம் ஒன்றில் கணக்கு எழுதுகிற வேலை. சோறு போடுவது எண்ணெய்தான், ஆனாலும் ரயில் கட்சியில்தான் நிற்பேன்.

முதல் விஷயம். டல்சாவைப் பணக்கார ஊராக்கிய எண்ணெய் டல்சாவில் கிடைக்கவில்லை. 1901 ஜூனில் எண்ணெய் வந்தது ரெட் ஃபோர்க்கில். ஆர்கன்சா ஆற்றுக்கு அந்தக் கரை. 1905 நவம்பரில் வந்த கிளென் பூல்தான் பெரிய வயல். அது ஊருக்குத் தெற்கே இருபது கிலோமீட்டருக்கும் மேல். எண்ணெய் அங்கே, வங்கியும் ஓட்டலும் மாளிகையும் இங்கே. ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்களே, அந்தக் கதை. நெய் யாருடையதாக இருந்தாலும் பரிமாறுகிற கை டல்சாவுடையது. அந்தக் கை ரயில்.

மீதியை நாளை எழுதுகிறேன். 1921 கலவரத்திலும் இதே தண்டவாளம் வருகிறது, அது பெரிய கதை.

பிப்ரவரி 4

இந்த ஊருக்கு வந்த முதல் வாரம் நகர மையத்தில் வழி தவறினேன். வீட்டுப் பகுதியில் எல்லாத் தெருவும் நேர் வடக்கு, நேர் கிழக்கு. மையத்துக்குள் நுழைந்ததும் எல்லாமே ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடுகின்றன. மாலை வெயில் மேற்குத் தெருவில் நேராக அடிக்காமல் கோணலாக அடிக்கிறது. என் திசையறிவுதான் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, அந்தத் தெருக்களைத் திசைகாட்டி பார்த்துப் போடவில்லை, தண்டவாளத்தைப் பார்த்துப் போட்டிருக்கிறார்கள். 1882-இல் ஃபிரிஸ்கோ ரயில் எந்தச் சாய்வில் வந்து நின்றதோ அந்தச் சாய்வுக்கு இணையாகவும் குறுக்காகவும் தெருக்கள். அப்போது எண்ணெய்க்கு இன்னும் பத்தொன்பது வருடம் இருந்தது. அந்த நாளில் ரயிலேறிப் போனது மாடுதான்.

தெருப் பெயர்களையும் பாருங்கள். மெயின் தெருவை மிசிசிப்பி ஆறு என்று வைத்துக்கொள்ள வேண்டும். அதற்குக் கிழக்கே போனால் மிசிசிப்பிக்குக் கிழக்கே உள்ள நகரங்கள்: பாஸ்டன், சின்சினாட்டி, டெட்ராய்ட். மேற்கே போனால் போல்டர், செயன், டென்வர். ஆங்கில அகர வரிசையும் தப்பாது. பெயர் வைத்தவர் கையில் ரயில் வரைபடம் இருந்திருக்கும் என்பது என் ஊகம். ஊகம் மட்டுமே, யாரும் மேற்கோள் காட்ட வேண்டாம்.

பிப்ரவரி 4, பிற்பகல்

"ரயில் அங்கே வந்தது தற்செயல்தானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். முழுத் தற்செயல் என்று சொல்ல முடியாது. ரயில் நிலையத்துக்கு முதலில் பார்த்த இடம் செரோக்கி என்ற பழங்குடி மக்களின் எல்லைக்குள் இருந்தது. அங்கே வெளியாட்கள் கடை போடச் சட்டம் கெடுபிடியானது. பாதை வேலையில் இருந்த எச்.சி. ஹால் என்ற ஒப்பந்தக்காரர், நிலையத்தை மேற்கே தள்ளி கிரீக் என்ற இன்னொரு பழங்குடி மக்களின் எல்லைக்குள் வைக்கச் சொல்லி ஒப்புக்கொள்ள வைத்தார். கிரீக் சட்டம் வெளியூர் வியாபாரிக்கு அவ்வளவு இறுக்கமானது இல்லை. கடைக்காரர் வசதிக்காக ரயில் நின்ற இடம் ஊராகிவிட்டது.

பிப்ரவரி 5

நேற்று எழுதியதில் ஒரு பிழையான தொனி இருக்கிறது. வெறும் காட்டில் ரயில் வந்து நின்றதுபோல் எழுதிவிட்டேன். ஊர் முன்பே இருந்தது. அலபாமாவிலிருந்து விரட்டப்பட்ட கிரீக் மக்களில் லோச்சபோகா பிரிவினர் 1836-இல் ஆற்றங்கரை மேட்டில் ஓர் ஓக் மரத்தடியில் வந்து சேர்ந்தார்கள். பழைய ஊரின் நெருப்பிலிருந்து சாம்பலைச் சுமந்து வந்து இங்கே புது நெருப்பு மூட்டினார்கள். அந்த மரம் இன்னும் நிற்கிறது. சுற்றிலும் குடியிருப்பு, நடுவில் சிறு பூங்கா. முதல் தடவை போனபோது பெரிய நினைவுச் சின்னத்தை எதிர்பார்த்துப் போய், மரத்தையே தாண்டிக் காரை ஓட்டிவிட்டேன்.

டல்சா என்ற பெயரும் அவர்கள் கொண்டுவந்ததுதான். பொருள் "பழைய ஊர்". தமிழில் பெயர் வைத்திருந்தால் பழவூர். அலபாமாவில் விட்டுவந்த ஊரின் பெயரைப் புது இடத்துக்கு வைத்தார்கள். பெயரளவில் இது பிறந்தபோதே பழைய ஊர்.

பிப்ரவரி 5, இரவு

எண்ணெய்க் கட்சிக்காரருக்குச் சில எண்கள். மக்கள்தொகை 1900-இல் 1,390. 1910-இல் 18,182. 1920-இல் 72,075. 1930-இல் 141,258. முப்பது வருடத்தில் நூறு மடங்கு. இதை ரயில் மட்டும் செய்யவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ரயில் வந்து பதினெட்டு வருடத்தில் சேர்ந்தவர்கள் ஆயிரத்துச் சொச்சம் பேர்தான். இந்த இடத்தில் என் கட்சி கொஞ்சம் ஆடுகிறது.

ஆனால் அந்த ஆயிரத்துச் சொச்சம் பேர் என்ன செய்தார்கள் என்பதையும் கேளுங்கள். ரெட் ஃபோர்க்கில் எண்ணெய் வந்ததும் ஆற்றுக்கு இந்தப் பக்கம் இருந்தவர்களுக்குப் பிடித்த கவலை, பணம் அந்தக் கரையிலேயே தங்கிவிடுமே என்பது. வண்டிப் பாலம் கட்ட ஊரிடம் காசில்லை. தனியார் மூவர் தங்கள் பணத்தைப் போட்டு 1904-இல் சுங்கப் பாலம் ஒன்றைக் கட்டினார்கள். முடியாது என்றீர்கள், முடித்துவிட்டோம் என்ற பொருளில் பாலத்தின் மேலேயே ஒரு பலகை மாட்டினார்கள். இந்த ஊரின் குணம் முழுக்க அந்தப் பலகையில் இருக்கிறது. வீம்பு பிடித்த ஊர்.

கிளென் பூல் வந்தபோது அதே தந்திரம். வயலில் இருந்தது சேறும் கூடாரமும். காலையில் தொழிலாளர்களை வயலுக்குக் கொண்டுபோய் மாலையில் திரும்பக் கொண்டுவர ரயில் விட்டார்கள். கூலி வாங்குவது அங்கே, குளிப்பதும் சாப்பிடுவதும் செலவழிப்பதும் டல்சாவில். 1910-இல் ஹாரி சின்க்ளேர் முதலான எண்ணெய்க்காரர்கள் சேர்ந்து எக்ஸ்சேஞ்ச் நேஷனல் வங்கியையும் தொடங்கினார்கள். கொட்டியது எங்கேயோ, சேர்ந்தது இங்கே.

பிப்ரவரி 7

ஒரு வாசகர் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார். மூன்றாம் தேதி நான் "1921 கலவரம்" என்று எழுதியதைச் சுட்டிக்காட்டி, "கலவரம் என்றால் இரண்டு பக்கமும் அடித்துக்கொள்வது. அங்கே நடந்தது அதுவா?" என்று கேட்கிறார். இல்லை. இந்த ஊரில் முக்கால் நூற்றாண்டு புழங்கிய சொல் என் வாயிலும் ஒட்டிக்கொண்டது. படுகொலை என்று திருத்திக்கொள்கிறேன். சொல்லில் என்ன இருக்கிறது என்பவர்களுக்கு விடை கீழே வருகிறது.

தண்டவாளத்துக்கு வடக்கே கிரீன்வுட். 1906 வாக்கில் ஓ.டபிள்யூ. கர்லி என்ற கறுப்பின வணிகர் அங்கே நிலம் வாங்கிக் கறுப்பின மக்களுக்கு விற்றார். தெற்கே எண்ணெய்ப் பணக்காரர் வீடுகளில் சமையலும் காரோட்டமும் தோட்டமும் பார்த்தவர்கள் தெற்குக் கடைகளில் சமமாக நின்று வாங்க முடியாது; கூலி தண்டவாளத்தைத் தாண்டி வடக்கே வந்து அங்கேயே சுற்றியது. ஓட்டல், திரையரங்கு, மருத்துவர், வழக்கறிஞர், இரண்டு செய்தித்தாள். எண்ணெய்ப் பணத்தின் ஒரு கிளை வாய்க்கால் அது. வெட்டியவர்கள் அவர்களே.

1921 மே 30-இல் டிக் ரோலண்ட் என்ற இளைஞர் லிஃப்டில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணைத் தாக்கினார் என்று பேச்சுக் கிளம்பியது. வழக்கு பிறகு கைவிடப்பட்டது. ஆனால் மே 31 இரவும் ஜூன் 1 பகலுமாக வெள்ளையர் கும்பல் கிரீன்வுட்டுக்குள் புகுந்து முப்பத்தைந்து தெருக்கட்டங்களை எரித்தது. அந்த இரவில் துப்பாக்கிச் சூடு நடந்த கோடு ஃபிரிஸ்கோ தண்டவாளம். ஆயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள் சாம்பல். அரசுக் கணக்கில் இறந்தவர் 36. வரலாற்றாளர்கள் 300 வரை சொல்கிறார்கள்.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். கிரீன்வுட்காரர்கள் காப்பீட்டுப் பணம் கேட்டபோது, "கலவரத்தால் வந்த சேதத்துக்குப் பொறுப்பில்லை" என்ற விதியைக் காட்டி மறுத்தார்கள். கலவரம் என்ற பெயருக்கு விலை இருந்தது.

பிப்ரவரி 7, நள்ளிரவு

தூக்கம் வரவில்லை, விட்டதை எழுதுகிறேன். எரித்த பிறகு நகர நிர்வாகம் தீத்தடுப்பு விதி ஒன்றைக் கொண்டுவந்தது. அந்த விதிப்படி வீடு கட்ட ஏழைகளுக்குக் கட்டுப்படியாகாது. அந்த நிலத்தை வளைத்துப் பெரிய ரயில் நிலையம் கட்டலாம் என்ற பேச்சும் ஓடியது. ஆம், ரயில் நிலையம்தான். நான்கு நாளாக நான் புகழ்ந்துகொண்டிருக்கும் அதே ரயில். பி.சி. ஃபிராங்க்ளின் என்ற வழக்கறிஞர் தன் அலுவலகம் எரிந்துபோனதால் கூடாரத்தில் உட்கார்ந்து அந்த விதியை எதிர்த்து வழக்காடி வென்றார். மக்கள் திரும்பக் கட்டினார்கள். பின்னாளில் இன்டர்ஸ்டேட் 244 நெடுஞ்சாலை அதன் நடுவே புகுந்தது. இன்று கிரீன்வுட் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தால் வானத்துக்குப் பதில் பாலத்தின் அடிப்பகுதி தெரியும்.

2020-இல் ஓக்லான் கல்லறையில் பெயரில்லாக் குழிகளைத் தோண்டத் தொடங்கினார்கள். கிடைத்த எலும்புகளில் ஒன்று 2024-இல் அடையாளம் காணப்பட்டது: சி.எல். டேனியல், முதல் உலகப் போர்க் காலப் படைவீரர். அதே ஆண்டு ஜூனில், உயிரோடிருந்த சாட்சிகளின் இழப்பீட்டு வழக்கை மாநில உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. இரண்டு செய்திகளையும் ஒரே வருடத்தில் படித்தோம்.

பிப்ரவரி 9

கொஞ்சம் இலகுவாக. பொன்னிற எண்ணெய்க்காரர் சிலையைப் பற்றிக் கேட்ட தம்பிக்கு: ஆம், 75 அடி உயரம், 1966-இலிருந்து பொருட்காட்சித் திடலில் நிற்கிறார், இடுப்புப் பட்டையில் ஊர்ப்பெயர். 1923-இலிருந்து இங்கே நடந்த சர்வதேச எண்ணெய்ப் பொருட்காட்சிக்காக வைத்தவர். பொருட்காட்சி நின்றுவிட்டது, அவர் நிற்கிறார். அவர் கை வைத்திருக்கும் எண்ணெய்க் கோபுரம் நிஜமானது; வற்றிப்போன செமினோல் வயலிலிருந்து எடுத்துவந்தது. உலக எண்ணெய்த் தலைநகர் என்ற பட்டத்தை ஹூஸ்டன் எப்போதோ கொண்டுபோய்விட்டது. கடற்கரையும் கடலடி எண்ணெயும் அங்கே இருந்தன, நிறுவனங்கள் ஒவ்வொன்றாகத் தெற்கே போயின.

எனக்குச் சிலையைவிடப் பிடித்தது மிட்-கான்டினென்ட் கோபுரம். 1918-இல் காஸ்டன் என்ற எண்ணெய்க்காரர் கட்டிய பதினாறு மாடி. 1984-இல் அதன் தலைக்கு மேலே இன்னும் இருபது மாடி எழுப்பினார்கள், ஆனால் பழைய கட்டடத்தின் மேல் பாரம் இறங்காது. பக்கத்தில் கால் ஊன்றி மேலே நீட்டிக்கொண்டு நிற்கிறது. பழைய செழிப்பின் தலைமேல் புதுச் செழிப்பு, தொடாமல். இரண்டே வருடத்தில், 1986-இல், எண்ணெய் விலை சரிந்தது.

பிப்ரவரி 10

வேலையைப் பற்றிக் கேட்கிறீர்கள். ஒரே ஒரு நாளைச் சொல்கிறேன். 2020 ஏப்ரல் 20. வீட்டிலிருந்து வேலை. சமையல் மேசையில் கணினி. பிற்பகலில் கச்சா எண்ணெய் விலை பத்து டாலர், ஐந்து டாலர், பூஜ்யம் என்று இறங்கி அதற்கும் கீழே போனது. திரை கெட்டுவிட்டது என்று கணினியை அணைத்துப் போட்டேன். மறுபடியும் அதேதான். அன்று முடிந்த விலை பீப்பாய்க்கு மைனஸ் 37.63 டாலர்.

காரணம் எங்கள் ஊருக்கு மேற்கே எண்பது கிலோமீட்டரில் இருக்கிறது. குஷிங் என்ற சின்ன ஊர், நிறையத் தொட்டிகள். அமெரிக்கக் கச்சா எண்ணெய் ஒப்பந்தத்தைக் கடைசிவரை வைத்திருப்பவர் எண்ணெயைக் குஷிங்கில் பெற்றுக்கொள்ள வேண்டும். கொள்ளைநோயால் யாருக்கும் எண்ணெய் வேண்டாம், தொட்டிகளில் வாடகைக்கு இடமில்லை, மே மாத ஒப்பந்தம் மறுநாள் முடிகிறது. வைத்திருந்தவர்கள் காசு கொடுத்துக் கை கழுவினார்கள். என் மனைவி எட்டிப் பார்த்து, "அப்படியானால் நாம் பத்துப் பீப்பாய் வாங்கலாமா?" என்றாள். எங்கே வைப்பது என்றேன். அதுதான் அன்று உலகத்தின் பிரச்சினையும்.

பிப்ரவரி 12

நெய்யைப் பற்றி முதல் நாள் எழுதிய பழமொழி என்னை விடவில்லை. ஊரார் வீட்டு நெய் என்று எழுதிவிட்டு, அந்த ஊரார் யார் என்று சொல்லாமல் போனேன். கேள்வி கேட்டவரும் நானும் எண்ணெயா ரயிலா என்று மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறோம். இரண்டும் வந்தது கிரீக் மண்ணில்.

கிரீக் மக்களின் நிலம் பொதுவில் இருந்தது. 1898-இல் கர்டிஸ் சட்டம் வந்து அதைப் பங்கு போட வைத்தது. ஆளுக்கு 160 ஏக்கர். முன்பு அவர்களிடம் அடிமைகளாக இருந்து விடுதலை பெற்ற கறுப்பினக் குடும்பங்களுக்கும் பங்கு உண்டு. சட்டம் வந்த ஏழாவது வருடம் கிளென் பூல். கிணறு ஐடா கிளென் என்ற கிரீக் பெண்ணின் பங்கு நிலத்தில். வயல் முழுக்க இப்படித்தான், யாரோ ஒருவருக்கு ஒதுக்கிய 160 ஏக்கர். நிலக்காரர் சிறுவரென்றால், அல்லது "விவரம் போதாதவர்" என்று நீதிமன்றம் சொன்னால், பாதுகாவலர் ஒருவரை நியமிப்பார்கள். பெரும்பாலும் வெள்ளைக்காரர். பாதுகாவலர்கள் தின்று தீர்த்த சொத்துக்கு அளவில்லை. சாரா ரெக்டர் என்ற கறுப்பினச் சிறுமியின் நிலத்தில் 1913-இல் எண்ணெய் பொங்கியபோது அவளுக்கு வயது பதினொன்று. அவள் பணத்துக்கும் ஒரு பாதுகாவலர்தான்.

தாய் வழியில் கிரீக்கான தாமஸ் கில்கிரீஸ் தப்பித்த சிலரில் ஒருவர். அவர் பங்கு கிளென் பூலுக்குள்ளேயே விழுந்தது. அந்தப் பணத்தில் பழங்குடிக் கலைப்பொருட்களை வாங்கிக் குவித்தார். இன்று டல்சாவின் பெரிய அருங்காட்சியகம் அது.

2020 ஜூலையில் மெக்கர்ட் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், கிரீக் மக்களுக்கென்று ஒதுக்கிய நிலமான ரிசர்வேஷனின் எல்லையை நாடாளுமன்றம் ஒருபோதும் கலைக்கவில்லை என்று தீர்ப்புச் சொன்னது. டல்சாவின் பெரும்பகுதி அந்த எல்லைக்குள். காலையில் அலுவலகத்தில் எல்லோரும் சுவர் வரைபடத்தின் முன் நின்று அவரவர் வீட்டைத் தேடினோம். என் வீடும் உள்ளே.

ஆகவே என் கட்சியைப் பாதி திரும்பப் பெறுகிறேன். பரிமாறிய கை ரயில் என்பதை விடமாட்டேன். பரிமாறியது வேறொருவர் வீட்டு நெய் என்பதை முதல் நாள் நகைச்சுவையாக எழுதியது தவறு.

பிப்ரவரி 13

"டல்சாவுக்கு ரயிலில் வரலாமா?" வர முடியாது. இவ்வளவு சண்டை போட்ட பிறகு இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. 1931-இல் அழகான ஆர்ட் டெகோ பாணியில் யூனியன் டிப்போ கட்டினார்கள். 1967-இல் கடைசிப் பயணிகள் ரயில் போனது. அதற்குப் பிறகு இல்லை. ரயிலில் ஏற வேண்டுமானால் ஓக்லஹோமா சிட்டிக்குக் காரில் போக வேண்டும். அங்கிருந்தும் ஒரே ஒரு வண்டி, ஃபோர்ட் வொர்த் வரைதான். ரயிலை ஓரங்கட்டிய சாலைகளில் பேர்பெற்ற 66-ஆம் எண் நெடுஞ்சாலைக்குத் தந்தை என்று சொல்லப்படும் சைரஸ் ஏவரியும் டல்சாக்காரர்தான்.

சரக்கு ரயிலுக்குக் குறைவில்லை. எங்கள் முதல் வாடகை வீட்டைக் காட்டியவர் "அமைதியான பகுதி" என்றார். பகல் பதினோரு மணிக்குக் காட்டினார். இரவு இரண்டு மணிக்குத் தெரிந்தது.

பிப்ரவரி 16

நேற்று மகளை டிப்போ பக்கத்து நடைபாலத்துக்குக் கூட்டிப்போனேன். பாலத்தில் செங்கல் பதித்த ஒரு வட்டம். பிரபஞ்சத்தின் மையம் என்று ஊரார் வைத்த பெயர் (வீம்பு என்று முன்பே சொன்னேன்). நடுவில் நின்று பேசினால் குரல் திரும்பி நம் காதிலேயே பலமாக ஒலிக்கும், வெளியே நிற்பவருக்கு அப்படிக் கேட்காது. அவள் தன் பெயரைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள்.

நடுவில் பாலத்துக்குக் கீழே சரக்கு ரயில் வந்துவிட்டது. எல்லாம் கறுப்பு டேங்கர்கள். அவள் எண்ணத் தொடங்கி எண்பத்து மூன்றில் விட்டுவிட்டாள்.

"உள்ளே எண்ணெயாப்பா?"

இருக்கலாம் என்றேன். சோளப்பாகாகவும் இருக்கலாம். இங்கே அதையும் இதே மாதிரி டேங்கரில்தான் கொண்டுபோகிறார்கள்.